கழற்றி எடுத்த படகு

துயென் அத்தான் அமெரிக்காவுக்கு வருவதற்குள்ளேயே இரண்டு படகுகளைக் கடலிடம் விட்டு வந்தவர். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, வியட்நாம் இரண்டாகப் பிரிந்த அந்த வருடம், வடக்குக் கரையில் அவருடைய அப்பா பாய்மரப் படகை அலையில் அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தெற்கே போகும் கப்பலில் ஏற்றினார். எழுபத்தைந்தில், சைகோன் விழுந்த வாரம், அத்தான் தன் சொந்த விசைப்படகில் ஊரில் பாதியை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். அமெரிக்கக் கப்பல் ஏணி இறக்கியது. எல்லாரையும் ஏற்றிவிட்டு, படகின் அடிப்பலகையைக் கோடரியால் பிளந்து மூழ்கவிட்டார். கடைசியாக அவர் ஏறினார். மூன்றாவது படகை டெக்சஸ் கரையில், மெரிட் முனையில், நாங்கள் குடியிருந்த, சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டுக்குப் பின்னால் அவரும் என் கணவர் கியெமும் சேர்ந்து கட்டினார்கள்.

என் பெயர் தொவா. துயென் என் கணவரின் அண்ணன். அவருடைய மனைவி லாயை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அத்தான் பேசாத ஆள். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள். எங்கள் வீட்டில் ஆங்கிலம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஊரில் இருந்தபோது அமெரிக்க முகாமில் துணி துவைத்துக் கற்றுக்கொண்டது. படகு முடிந்த அன்று அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "ஏங்க, படகு கட்டச் சொன்னா நெறமாசப் பன்னியக் கட்டி வச்சிருக்கீங்களே" என்றாள். அத்தான் சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

மெரிட் முனையின் வெள்ளைக்காரர்கள் தலைமுறையாக அந்த விரிகுடாவில் இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். யார் எங்கே கூண்டு போடுவது, யார் எங்கே வலை இழுப்பது என்பதற்கு அவர்களுக்குள் எழுதி வைக்காத எல்லைகள் இருந்தன. எங்கள் ஆட்கள் அந்த எல்லைகளை மிதித்துக்கொண்டே இருந்தார்கள். பலர் தெரியாமல், சிலர் தெரிந்தே. நாங்கள் விடிவதற்கு முன்னால் போய் இருட்டிய பிறகு திரும்பினோம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வலை கட்டினோம். எங்கள் கூடை நிறைந்த அளவுக்கு அவர்களுடைய முகம் இறுகியது.

முதலில் ஐஸ் நின்றது. துறையில் ஐஸ் விற்றவன் எங்கள் படகுகள் வந்தால் மட்டும் கதவைச் சாத்திவிட்டு, இயந்திரம் பழுது என்றான். அதே இயந்திரம் அடுத்த படகுக்கு ஓடியது. பிறகு எங்கள் நண்டுக் கூண்டுகளின் கயிறுகள் அறுபட்டன. நெருப்புக் கோழி மாதிரி தலையைப் புதைத்துக்கொண்டு வேலை பார்த்தால் போதும் என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

டிசம்பரில், எங்கள் டிரெய்லர் வீடுகளுக்கு எதிரே ஒரு பிக்கப் வண்டி தினமும் சாயங்காலம் வந்து நிற்க ஆரம்பித்தது. இன்ஜினை அணைக்க மாட்டார்கள். இறங்க மாட்டார்கள், கத்த மாட்டார்கள். உள்ளே இருவர். ஒருவன் சிவப்புத் தாடிக்காரன், பெயர் தெரியாது. மற்றவன் பர்விஸ், நண்டு பிடிப்பவன். அவனுடைய கூண்டுகள் ஒருமுறை எங்கள் வலையில் சிக்கி நசுங்கியிருந்தன. பிள்ளைகள் வெளியே விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் வாரம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பன்றி இறைச்சியும் நண்டும் வைத்துச் சுருட்டிய சாயோவைச் சுடச்சுடப் பொரித்து, ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

"அக்கா, வேணாம்" என்றேன்.

"பசியோட உக்காந்திருக்கானுங்க போல. தின்னுட்டுப் போகட்டும்."

தாடிக்காரன் திரும்பியே பார்க்கவில்லை. பர்விஸ் தட்டை வாங்கி, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தின்றான். கைக்குட்டையால் தட்டைத் துடைத்துக் கொடுத்து, நன்றி அம்மா என்றான். அக்கா வெற்றியோடு திரும்பி வந்தாள். மறுநாள் சாயங்காலம் வண்டி அதே இடத்தில், அதே இருவரோடு, இன்ஜின் ஓட நின்றது. அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

எங்கள் புத்தாண்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் ஒரு படகு துறையை ஒட்டி மெதுவாக வந்தது. அதன் மேல்தளத்தில் வெள்ளை அங்கியும் முகத்தை மூடும் கூம்புக் குல்லாயும் போட்ட நிறவெறிக் கூட்டத்தார் வரிசையாக நின்றார்கள். பாரம் தூக்கும் கம்பத்தில் வைக்கோல் பொம்மை ஒன்று கழுத்தில் கயிற்றோடு ஆடிக்கொண்டிருந்தது. அதன் தலையில் எங்கள் ஓலைத் தொப்பி. எங்கள் படகு ஒவ்வொன்றுக்கும் எதிரே நின்று, பெயரைப் படிப்பது போல் காத்திருந்து, அடுத்ததற்குப் போனது. அங்கிக்குக் கீழே எல்லாருடைய காலிலும் இறால் பிடிப்பவர்கள் போடும் வெள்ளை ரப்பர் பூட்ஸ். எனக்குத் தெரிந்த எவனாகவும் இருக்கலாம். மே மாத நடுவில் இறால் பருவம் திறப்பதற்குள் நாங்கள் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அன்று கோயில் கூடத்தில் கூட்டம் போட்டோம். பாதிப் பேர் போய்விடலாம் என்றார்கள். உள்நாட்டில் கோழி வெட்டும் ஆலையில் வேலை இருக்கிறது என்றார் ஒருவர்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றார் கியெம்.

அத்தான் எழுந்தார். "வடக்குல இருந்து ஓடுனோம். தெக்குல இருந்து ஓடுனோம். எனக்குக் கோழி வெட்டத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா என் காதருகே குனிந்து, "வீட்லயும் ஒரு முட்ட ஒடைக்கத் தெரியாது" என்றாள். ஆனால் அவளுடைய கை என் கையைப் பிடித்திருந்தது, சில்லென்று.

மார்ச் தொடக்கத்தில் கியெமுக்குக் காய்ச்சல் வந்து படுத்தார். அவருக்குப் பதிலாக நான் அத்தானோடும் அக்காவோடும் படகில் போனேன். தூண்டில்காரர்களுக்கு விற்கும் பொடி இறால்தான் அந்த மாதங்களில் கிடைக்கும். காலையில் மூடுபனி இறங்கியது. படகின் முனை எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. அத்தான் இன்ஜினை நிறுத்தினார். பனி விலகும்வரை காத்திருப்பதுதான் வழக்கம்.

அப்போது இன்னொரு இன்ஜின் சத்தம் கேட்டது. எங்களுக்கு இடப்பக்கம் வந்தது, பின்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. எங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி கிளம்பியது. இந்த முறை வட்டம் சின்னதாக இருந்தது. அக்கா வலைக் கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திடீரென்று மரம் முறிகிற சத்தம். இன்ஜின் ஒருமுறை வீறிட்டு அடங்கியது. பிறகு ஒரு ஆள் கத்துவது கேட்டது.

"சிப்பித் திட்டுல ஏறிட்டான்" என்றார் அத்தான்.

"போகாதீங்க" என்றாள் அக்கா. "நம்மளத் தேடி வந்தவன்தான் அவன். கூட இன்னொருத்தன் இருப்பான், துப்பாக்கி இருக்கும்."

அத்தான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். குரல் மெலிந்துகொண்டு வந்தது.

"தண்ணி ரொம்பக் குளிரு லாய்" என்று சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

திட்டை நெருங்கும்போதே எங்கள் படகின் அடியும் உரசியது. பின்னால், படகைத் தள்ளும் விசிறி சிப்பியில் மோதி வளைகிற சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு பர்விஸ் மிதந்தான். உதடு நீலமாகியிருந்தது. அவன் தனியாகத்தான் வந்திருந்தான். கையில் என்ன வைத்திருந்தானோ, அது தண்ணீருக்குள் போயிருந்தது. எதற்காக எங்களைச் சுற்றினாய் என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அக்கா தன் கம்பளியை அவன்மேல் சுற்றி, சுடுநீரை வாயில் ஊற்றினாள். அவன் நடுங்கியபடி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வளைந்த விசிறியோடு ஊர்ந்து ஊர்ந்து துறைக்கு வந்தோம். பனி விலகியிருந்தது. கரையில் தாடிக்காரனும் நாலைந்து பேரும் நின்றார்கள். பர்விஸ் அவர்களைப் பார்த்ததும் கம்பளியைத் தோளிலிருந்து உதறிப் போட்டுவிட்டு, நனைந்த சட்டையோடு இறங்கி அவர்களிடம் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

படகைக் கரையேற்ற வேண்டியதாயிற்று. எங்கள் இறாலை வாங்கும் கிழவர் கில்மரின் முற்றத்தில், மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்தோம். புது விசிறி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஓடாத படகு எவன் கைக்கும் எட்டும். அத்தான் தலையணையோடு போய் அதிலேயே படுக்க ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், நானும் அக்காவும் கில்மரின் கொட்டகையில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தோம். பர்விஸ் நண்டுக் கூடைகளை இறக்க வந்தான். எங்கள் மேசையருகே குனிந்து பூட்ஸைச் சரிசெய்வது போல் நின்று, தரையைப் பார்த்தபடி பேசினான்.

"உன் புருஷன இன்னிக்கு வீட்ல படுக்கச் சொல்லு."

"ஏன்?" என்றாள் அக்கா.

"சொல்லு." அவ்வளவுதான். போய்விட்டான்.

அக்கா கையைக்கூடக் கழுவவில்லை. முற்றத்துக்கு ஓடினோம். அத்தான் கேட்டுவிட்டு, "அப்ப இன்னிக்குத்தான் நான் இங்க இருந்தாகணும்" என்றார்.

"இருந்து? அவனுங்க கொளுத்துனா, கருகிப்போன உங்கள நான் கூடையில அள்ளிக்கிட்டுப் போகணுமா?"

"படகு லாய்."

"படகுதான். நான் என்ன மாதா சுரூபம்னா சொன்னேன்? ரெண்ட விட்டீங்க, நான் ஏதாச்சும் கேட்டேனா?"

அவர் முகம் மாறியது. போலீஸிடம் போவோம் என்று முடிவாயிற்று.

காவல் அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார். காபி கொடுத்தார். "யார் சொன்னது?" என்று கேட்டார். "பேர் சொன்னா அந்த ஆளக் கூப்பிட்டு விசாரிக்கலாம். பேர் இல்லாம நான் யார்கிட்டப் போறது?"

அக்கா வாயைத் திறந்தாள். அத்தானுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. "சொல்லாத" என்றார் எங்கள் மொழியில். "சொன்னா அவன அவன் ஆளுங்களே முடிச்சிடுவாங்க."

"என்ன சொல்றாரு?" என்றார் அதிகாரி.

அக்கா அத்தானை ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். பிறகு, "ஆளச் சரியாப் பாக்கலையாம்" என்றாள்.

வெளியே வந்ததும் அவரை உலுக்கிவிட்டாள். "உங்க படகு வேகப்போகுது, நீங்க அவனக் காப்பாத்துறீங்க. அன்னிக்கு எதுக்குச் சுத்துனான்னு இன்னும் தெரியாது."

"தெரியாதுல்ல?" என்றார் அத்தான். "அப்ப விடு."

கடைசியில் அவர் ஒன்றுக்கு இணங்கினார். படகில் படுக்க மாட்டார். ஆனால் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட வேண்டும். எங்கள் ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் வந்தார்கள். வலையை இறக்கினோம். வலை இழுக்கும் வின்ச்சை, திசைகாட்டியை, ரேடியோவை, சுக்கான் அறையில் இருந்த மாதா படத்தை எடுத்தோம். சங்கிலி போட்டு இன்ஜினைத் தூக்கி, கடன் வாங்கிய லாரியில் ஏற்றினோம். சாயங்கால வெயில் முற்றம் முழுக்க அடித்தது. துறைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தாடிக்காரன் வாசல் கம்பியில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்தான்.

"என்ன, வீடு மாத்துறீங்களா?" என்றான்.

"பெயின்ட் அடிக்கப் போறோம்" என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். தொலியைத் தட்டிவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போனான்.

விடியும்போது கருகல் வாடை எழுப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அடிக்கட்டையும் நாலைந்து விலா மரங்களும்தான் நின்றன. பக்கத்தில் கில்மரின் வேலியில் ஒரு பலகைகூடக் கருகவில்லை. அவ்வளவு கவனமாகச் செய்திருந்தார்கள். அத்தான் சாம்பலைச் சுற்றி நடந்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"இந்தத் தடவ இன்ஜின் இருக்கு" என்றார் கியெமிடம்.

அந்த மாதத்திலேயே எங்களில் பாதிக் குடும்பங்கள் கிளம்பின. சிலர் லூசியானாவுக்கு, சிலர் கோழி ஆலைக்கு. நாங்கள் இருந்தோம். கில்மர் ஒருநாள் அத்தானை ஓடைப்பக்கம் கூட்டிப்போய், சேற்றில் கிடந்த, சிப்பி அள்ளும் ஒரு பழைய படகைக் காட்டினார். "எடுத்துக்கோ. யார் குடுத்தான்னு கேட்டா என் பேரச் சொல்லாத" என்றார். அண்ணனும் தம்பியும் அதை நிமிர்த்தி, ஓட்டை அடைத்து, இன்ஜினைப் பூட்டினார்கள்.

எரிந்த கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிக்கப் வண்டி வருவதும் நின்றுவிட்டது. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது. வேறு யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஏப்ரல் கடைசியில் பர்விஸை ஐஸ் ஆலைக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். தாடை உடைந்திருந்தது. வலது கை விரல்கள் நசுங்கியிருந்தன. குடித்துவிட்டு விழுந்தான் என்றது ஊர். வெள்ளைக்காரர்களுக்குள் ஏதோ தகராறு, நமக்கெதற்கு என்றார்கள் எங்கள் ஆட்கள். அத்தான் மட்டும் அன்று சாப்பிடவில்லை.

சில நாள் கழித்து அக்கா அரிசி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பர்விஸின் மனைவி நெல்டா அங்கே வந்தாள். ஒல்லியான பெண், யாரோடும் அதிகம் பேசமாட்டாள். அக்காவின் தள்ளுவண்டியை மறித்து நின்றாள்.

"அந்த வலைய மட்டுமாவது அங்கேயே விட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

அக்காவுக்குப் புரியவில்லை. நெல்டா விளக்கவும் இல்லை. அரிசி மூட்டையைக் காரில் தூக்கி வைக்கும்போதுதான் புரிந்ததாம். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடி காருக்குள் உட்கார்ந்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்து, சோற்றுக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தானிடம் சொன்னாள்.

"அவன் பேர நான் சொல்லலையே" என்றார் அவர்.

"நீங்க சொல்லல. ஆனா பட்டப்பகல்ல அத்தனையும் கழட்டி இறக்குனோம்ல? ஊரே பாத்துச்சு. யாரோ முன்னாடியே சொல்லாம எவன் கழட்டுவான்? அதுக்கு ஒரு வாரம் முன்னாடி நாம யாரத் தண்ணியில இருந்து தூக்குனோம்? அவங்களுக்கு யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது."

அத்தான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு பர்விஸ் வீட்டுக்குக் கிளம்பினார். அக்கா கூடப் போனாள். அங்கே நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். நெல்டா மரக்கதவைத் திறந்தாள். கம்பிவலைக் கதவின் கொக்கியை எடுக்கவில்லை. உள்ளே நாற்காலியில் பர்விஸ், தாடை கம்பியால் கட்டப்பட்டு, கை கட்டுப்போட்டு.

"நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று அக்கா அத்தானிடம் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லாத. அவன் என்னப் பாக்கட்டும்."

வலைக்கு இந்தப்பக்கம் அவர் நின்றார், அந்தப்பக்கம் அவன் இருந்தான். கடைசியில் பர்விஸ் கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் தூக்கி அசைத்தான். போ என்கிறானா, சரி என்கிறானா, யாராவது பார்ப்பதற்குள் ஓடு என்கிறானா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. நெல்டா கதவைச் சாத்தினாள். அந்த வாரமே அவர்கள் ஆர்கன்ஸாவில் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். கூண்டுகள் முற்றத்திலேயே கிடந்தன. அவற்றை எங்களில் யாரும் தொடவில்லை. அவர்களிலும் யாரும் தொடவில்லை.

பருவம் திறந்த அன்று எங்கள் படகுகள் விடியலில் கிளம்பின. அத்தானோடு அக்கா போனாள். கியெம் வேறு படகில். நான் துறையில் நின்றேன். எதிர்த் துறையில் சிலர் தங்கள் படகுகளின் மேல்தளத்தில் துப்பாக்கியை மறைக்காமல் சாத்தி வைத்திருந்தார்கள். அன்று முழுக்க நான் துறையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு படகாகத் திரும்பி வந்தது. அன்று ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியாக வந்தது எங்களுடையது. அக்கா மீன் நாற்றத்தோடு முனையில் நின்று கயிற்றை என் மேல் வீசினாள்.

"என்னடி, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிற? கூடைய எடு."

நான் கயிற்றைக் கட்டினேன். கூடைகள் நிறைந்திருந்தன. அத்தான் இறங்கி வரவில்லை. சுக்கான் அறை ஜன்னல் வழியாக, கரையில் நின்ற வெள்ளைக்காரர்களின் முகங்களை, அங்கே இனி இல்லாத ஒரு முகத்தைத் தேடுகிறவர் போல, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.